நத்தைகுத்தி நாரையும் ரெண்டு பால் பல்லும்

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். காக்கா, கிளி, மைனா, புறாவைத் தாண்டி எனக்கு ஒரு பறவையும் தெரியாது. (கோழியைச் சேர்த்துக்கலாம். தட்டுல வெச்சாக்கூட அடையாளம் சொல்லுவேன்.) அப்படிப்பட்டவனைப் போய் 2023 ஜனவரியில, பொங்கல் லீவு முடி�்ச மறுவாரம், பாப்பாவோட யூகேஜி கிளாஸ் வேடந்தாங்கல் போனப்ப துணைக்குன்னு பஸ்ஸுல ஏத்திட்டாங்க. என் வேலை தலை எண்ணுறது. மொத்தம் முப்பத்திரண்டு தலை. ஏறினா எண்ணணும், இறங்கினா எண்ணணும், ஒண்ணுக்குப் போயிட்டு வந்தா மறுபடி எண்ணணும்.

இரும்புலியூர்ல கிளம்பின பஸ் வண்டலூரைத் தாண்டும்போதே பின்சீட்டுல கலகம். "ஜூ வந்தாச்சு, இறங்கணும்!" இது வேற இடம், அங்கே கூண்டே கிடையாதுன்னு மிஸ் சொன்னதும் ஒரு பையன், "அப்ப பறந்து போயிடாதா?"ன்னான். நியாயமான சந்தேகம்தான். செங்கல்பட்டு கொளவாய் ஏரிகிட்ட ஒரு வாந்தி, படாளத்துல திரும்பினதும் இன்னொண்ணு. அதை விட்டுடுவோம்.

ஏரிக்கரை மேல ஏறினா, தண்ணிக்குள்ள நிக்கிற மரமெல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்கு. "மிஸ், மரத்துல துணி காயப் போட்டிருக்காங்க"ன்னு ஒரு வாண்டு கத்துச்சு. அன்னிக்குப் பூரா பறவையைப் பத்தி யாரும் சொன்னதுல உருப்படியான வாக்கியம் அதுதான்னு எனக்கு இப்பவும் தோணுது. ஏன்னா அதுக்கப்புறம் நாங்க பெரியவங்க ஆரம்பிச்சிட்டோம். ஆளுக்கொரு தாள், அதுல பத்துப் பறவை படம், பார்த்ததுக்கெல்லாம் டிக் போடணும். பசங்க தாளைப் பார்க்கிறாங்க, பென்சிலைத் தேடுறாங்க, பக்கத்துப் பையன் எத்தனை டிக் போட்டான்னு எட்டிப் பார்க்கிறாங்க. மரத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்துல நின்ன வேறொரு கூட்டத்துல ஒருத்தர், "எல்லாமே சைபீரியாவுல இருந்து வருது"ன்னு கைடு மாதிரி சொல்லிட்டிருந்தார். நானும் அதை நம்பி எங்க பசங்களுக்கு அப்படியே ஒப்பிச்சேன். தப்பு. அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் நம்ம பக்கத்துப் பறவைங்கதான். வடக்கே இருந்து வர்ற ஊசிவால் வாத்து மாதிரி ஆளுங்க குளிருக்கு வந்து சாப்பிட்டுத் திரும்பிடுவாங்க. இங்கே குடும்பம் நடத்துறதில்லை.

இதெல்லாம் வீட்டுக்கு வந்து படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. இன்னொண்ணும் படிச்சேன். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பறவைகளைச் சுடுறாங்கன்னு ஊர்க்காரங்க முறையிட, செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் சுடக்கூடாதுன்னு 1798-ல எழுதியே கொடுத்தாராம். பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணி பாய்ஞ்சா பயிர் நல்லா வரும்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கு. 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்ததெல்லாம் இருநூறு வருஷத்துக்கு அப்புறம் வந்த பெருமை.

சரி, பாப்பா கதைக்கு வர்றேன். அந்த மாசம்தான் அவளுக்குக் கீழே முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்தது. கிளாஸ்ல யாரோ "பொக்கைவாய்ப் பாட்டி"ன்னு கூப்பிட்டதுல இருந்து சிரிக்கறதுன்னா கையால வாயைப் பொத்திக்குவா. போட்டோவுக்கும் அப்படித்தான். கரையில வன ஊழியர் ஒருத்தர் டெலஸ்கோப் மாதிரி ஒண்ணை ஸ்டாண்டுல வெச்சுப் பசங்களை ஒவ்வொருத்தரா பார்க்க விட்டார். பாப்பா பார்த்தா, பார்த்தா, நகரவே மாட்டேங்கறா. பின்னாடி வரிசை நெளியுது.

"அப்பா, அதுக்கும் வாயில ஓட்டை இருக்கு!"

நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவுல ஒரு சந்து அப்படியே இருக்கும், அதுவழியா அந்தப் பக்கம் ஆகாயம் தெரியும். அது சாப்பிடறது பெரும்பாலும் நத்தை. கீழ் அலகு முனையை உள்ளே விட்டுச் சதையை மட்டும் வெளியே இழுத்துடும்னு ஊழியர் சொன்னார். "பொறக்கும்போதே அப்படியா?"ன்னு பாப்பா கேட்டா. "ஆமாம்மா, பொறவியிலேயே அப்படித்தான்"னு நான் முந்திக்கிட்டேன். அவர் சிரிச்சார். "இல்ல சார், குஞ்சுக்கு அலகு மூடியேதான் இருக்கும். வளர வளரத்தான் சந்து விழும்."

ஒரு நிமிஷம் யோசிச்சா. "எனக்கு வளர்ந்தா மூடிக்கும், அதுக்கு வளர்ந்தா திறந்துக்கும்." சொல்லிட்டு வாயைப் பொத்தாம சிரிச்சா. தாள்ல டிக் போட்டது ஒண்ணே ஒண்ணு. மிஸ் "ஏம்மா மத்ததெல்லாம் பார்க்கலையா?"ன்னு கேட்டாங்க.

இப்ப என் பங்குக்கு வர்றேன். அந்த மிஸ் ஆரம்பத்துல கேட்டது ஒரு டிரிப் இல்லை, மூணு. மழைக்கு முன்னாடி ஒண்ணு, ஜனவரியில ஒண்ணு, வெயில் ஆரம்பிச்சதும் ஒண்ணு. ஒரே ஏரி, தண்ணி ஏறி இறங்கறதைப் பசங்க பார்க்கட்டும்னாங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லாரும் பிடிச்சுக்கிட்டோம். காய்ஞ்ச ஏரியைப் பார்க்கவா ஐம்பது அறுபது கிலோமீட்டர், அதுக்கு பஸ் காசு வேறயா? நானும்தான் பலமா தலையாட்டினேன். பறவை இல்லாதப்ப சரணாலயத்துல என்ன இருக்குன்னு கேட்டதே நான்தான். கைதட்டல்கூட விழுந்தது.

மே மாசம் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவுல பாப்பா, "அப்பா, அந்தக் குஞ்சுக்கு இப்ப ஓட்டை விழுந்திருக்குமா?"ன்னா. என்ன பதில் சொல்றது? ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப்போய் ஒரே ஒரு நாளைக் காட்டினா, பசங்களைப் பொறுத்தவரைக்கும் அந்தக் குஞ்சு எப்பவும் குஞ்சாவேதான் இருக்கும். மிஸ் சொன்னது அப்பத்தான் மண்டையில ஏறிச்சு. தங்கமணிகிட்ட சொன்னேன். "கேள்வி கேட்டப்ப கைதட்டல் வாங்கினீங்கல்ல?"ன்னு ரசம் ஊத்தினாங்க.

ஜூன்ல ஒரு சாயங்காலம் ஸ்கூட்டர்ல எங்க இரும்புலியூர் ஏரிப் பக்கமா வந்துட்டிருந்தோம். ஏரின்னு நாங்க சொல்றோம், பாதி ஆகாயத்தாமரை, மீதி கவரும் குப்பையும், கூடவே பைபாஸ் லாரி சத்தம். பாப்பா முதுகுல குத்தினா. "அப்பா நிறுத்து!" சேத்துக்குள்ள கால் வெச்சு நாலு நிக்குது. அலகுல சந்து. சந்தேகமே இல்லை, அவங்கதான். ஆனா வெள்ளையா இல்லாம சாம்பல் கலர்ல மங்கிப்போய் இருந்தது.

"சாக்கடையில நின்னு அழுக்காயிடுச்சாப்பா?"

நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா வாயைத் திறக்கலை. வேடந்தாங்கல்ல ஒரு தடவை பட்டாச்சே. வீட்டுக்கு வந்து பார்த்தா, கூடு கட்டற சீசன்லதான் அதுக்குப் பளிச்சுன்னு வெள்ளை, மத்த நாள்ல இந்தச் சாம்பல்தானாம். ஆக, மிஸ் கேட்ட மூணாவது டிரிப்பை வீட்டுல இருந்து அஞ்சு நிமிஷ தூரத்துல, டிக்கெட் இல்லாம பார்த்திருக்கோம். மறுநாள் ஸ்கூல் வாசல்ல மிஸ்கிட்ட இதைச் சொல்லி, மீட்டிங்ல பேசினதுக்கு மன்னிப்பும் கேட்டேன். "ஏரிக்குப் பசங்களைக் கூட்டிட்டு வரலாம் சார், ஆனா நாத்தத்துக்குப் பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க"ன்னாங்க. உண்மைதான். தலை எண்ண ஆள் ரெடின்னு மட்டும் சொல்லி வெச்சேன்.

அதுல இருந்து மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் போறோம். டிராயிங் நோட்டுல தேதி, தண்ணி எதுவரைக்கும், நாரை எத்தனை, என்ன கலர். நவம்பர் மழையில ஏரி ரொம்பினப்ப ஒண்ணுகூடக் கண்ணுல படலை. நோட்டுல பெருசா ஒரு பூஜ்யம் போட்டு, அதுக்குக் கண்ணு மூக்கு வெச்சிருந்தா. அதுக்குள்ள அவளுக்குப் பல்லும் முளைச்சிடுச்சு, லேசா கோணலா.

போன ஞாயித்துக்கிழமை மூணுதான் இருந்தது. "நாலாவது எங்கப்பா?"

"படாளம் பக்கம் ஏதாவது ஜோலியா போயிருக்கும்."

"ஜோலின்னா கூடா?"

"தெரியலைம்மா"ன்னேன். நோட்டுல மூணுன்னு எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுக்கிட்டா.