இருமாவும் வீசமும்

எண்சுவடி மனப்பாடம் செய்த தலைமுறைக்குப் பின்னம் என்பது இரண்டு குடும்பம். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதிபாதியாய் இறங்குவது ஒன்று. இருமா, மா, காணி, முந்திரி என்று இறங்குவது மற்றொன்று. வீசம் பதினாறில் ஒன்று. மாகாணி என்றும் அதற்குப் பெயர். மா இருபதில் ஒன்று, இருமா பத்தில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முதற்குடும்பத்தில் இரண்டைத் தவிர வேறெதனாலும் வகுப்பதில்லை. இரண்டாவதில் எங்கோ ஓர் ஐந்து ஒளிந்திருக்கிறது. கணிப்பொறிகள் வழக்கமாகக் கையாளும் பின்ன எண்முறை முதற்குடும்பத்தை மட்டுமே முழுமையாக அறியும் என்பது, தமிழ் படித்த நமக்கு ஒரு வியப்பு.

எங்கள் துறை மாணவி ஒருவர் பத்துப்பாட்டில் இடைச்சொற்கள் பயிலும் விகிதத்தைக் கணக்கிட்டு, எந்தப் பாட்டு எதனோடு நெருங்கி நிற்கிறது என்று ஆராய்ந்தார். கணக்கிடும் நிரல் ஒன்று. அது எழுதிவைக்கும் உரைக்கோப்பைப் படித்து வரிசைப்படுத்தும் நிரல் வேறொன்று. இரண்டும் ஓரிடத்தில் முரண்பட்டன. இரண்டு பாட்டுகள் தம்முள் இடம் மாறியிருந்தன. எது சரி என்ற கேள்விக்கு விடையின்றி ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நின்றுபோயிற்று.

காரணத்தைக் கணினித்துறை நண்பர் விளக்கினார். நினைவகத்தில் ஓர் எண்ணின் பின்னப்பகுதிக்கு 52 இருமத் துகள்கள் இடம் உண்டு. கோப்பில் எழுதும்போது நிரல் தன் வழக்கப்படி ஆறு இலக்கங்களே எழுதியது. எட்டாம் இலக்கத்தில் வேறுபட்டிருந்த இரண்டு எண்கள் கோப்பில் ஒன்றாகிவிட்டன. முன்னால் எழுதப்பட்டது முந்திக்கொண்டது.

பதினேழு இலக்கங்கள் எழுதினால் இழப்பு நேராது. ஆயினும் எழுதுவோரும் படிப்போரும் பிழையின்றி முழுமையாக்க வேண்டும். அதனினும் நேரான வழி, எண்ணைப் பத்தின் அடியில் எழுதாமல் பதினாறின் அடியில் எழுதுவது. பதினாறடி இலக்கம் ஒவ்வொன்றும் நான்கு துகள்களுக்குச் சமம். ஆக 52 துகள்களுக்குப் பதின்மூன்று இலக்கங்கள். எதையும் முழுமையாக்க வேண்டியதில்லை. இருப்பதை நாலுநாலாகப் படியெடுத்தால் போதும். இம்முறையில் புள்ளிக்கு அடுத்த இலக்கம் வீசங்களின் எண்ணிக்கை. அதற்கடுத்தது வீசத்தில் வீசம். 1.8 என்று எழுதியிருந்தால் ஒன்றும் எட்டு வீசமும், அதாவது ஒன்றரை.

இருமாவை, அதாவது நாம் 0.1 என்று எழுதுவதை, இம்முறையில் எழுதினால் 1 என்ற எண்ணும் புள்ளியும், தொடர்ந்து பன்னிரண்டு ஒன்பதுகளும், இறுதியில் பத்தைக் குறிக்கும் ஏ என்ற எழுத்தும் வருகின்றன. அது முழுவதையும் நான்கு முறை பாதியாக்குக என்ற குறிப்பு வாலாக நிற்கிறது. ஒன்பதுகள் முடிவில்லாமல் செல்ல வேண்டியவை. இடமின்மையால் கடைசி இலக்கம் ஒன்று கூட்டப்பட்டு ஏ ஆகிறது. கணிப்பொறியின் இருமா உண்மை இருமாவைவிட மயிரிழை பெரிது என்பது அந்த ஓர் எழுத்தில் தெரிகிறது. பதின்ம முறையில் 0.1 என்று அழகாக எழுதும்போது இது மறைந்துவிடுகிறது.

எழுதுவது எளிது, படிப்பதில்தான் சிக்கல். சி மொழி 1999ஆம் ஆண்டுத் தரத்திலேயே இவ்வெண்களை எழுதவும் படிக்கவும் வழி செய்தது. ஆனால் நண்பரின் சி++ நிரல், வழக்கமான உள்ளீட்டுக் குறியால் கோப்பைப் படித்தபோது, முன்னொட்டாக நிற்கும் பூச்சியத்தை எடுத்துக்கொண்டு, அடுத்துள்ள எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டதும் நின்றுவிட்டது. முதல் எண் பூச்சியம். அடுத்ததைப் படிக்கவே மறுத்தது. ஒவ்வொன்றையும் முதலில் வெறும் எழுத்துச்சரமாக வாங்கி, பிறகு சி மொழியின் ஸ்ட்ர்டாட் என்னும் செயற்கூற்றிடம் கொடுத்ததும் எண்கள் துகள் பிசகாமல் வந்து சேர்ந்தன. பைத்தானிலும் பொதுவான ஃபுளோட் இவற்றை ஏற்பதில்லை. ஃப்ரம்ஹெக்ஸ் என்னும் தனிவழி வேண்டும். சி++ 2017இல் கொண்டுவந்த ஃப்ரம்_கார்ஸ், அந்த முன்னொட்டை நீக்கிக் கொடுத்தால்தான் படிக்கும்.

இரண்டு நிரல்களும் இப்போது ஒன்றையே சொல்லின. ஆனால் ஒன்றுபட்ட பிறகே உண்மை புலப்பட்டது: அவ்விரு பாட்டுகளுக்கும் இடையே வேறுபாடு எட்டாம் இலக்கத்தில் என்றால், அந்த வரிசைக்கே பொருளில்லை. மாணவி இரண்டையும் ஓரிடத்தில் வைத்து, இவற்றை முன்பின்னாக அடுக்க இவ்வளவை போதாது என்று எழுதினார். இயலின் சிறந்த வாக்கியம் அதுவே என்பது எங்கள் கருத்து.

சிறு இழப்புகள் எப்போதும் சிறியனவாக நிற்பதில்லை. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் தம் வானிலைக் கணக்கை இடையிலிருந்து மீண்டும் ஓட்ட, அச்சிட்ட தாளைப் பார்த்து எண்களை உள்ளிட்டார். நினைவகத்தில் இருந்தது 0.506127, தாளில் இருந்தது 0.506. சில மாதங்களின் வானிலை முற்றிலும் வேறாயிற்று. அதிலிருந்து ஓர் அறிவியலே பிறந்தது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நேர்ந்தது துயரம். காலத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணிய பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, இருமாவை 24 துகள்களில் வெட்டி வைத்திருந்தது. சுமார் நூறு மணி நேரத்தில் பிழை மூன்றிலொரு விநாடியாக வளர்ந்தது. வந்த ஏவுகணையைத் தடுக்க இயலவில்லை. 28 வீரர்கள் மாண்டனர்.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டுவதில்லை. எழுதியவருக்குத் தெரிந்திருந்தது, படிப்பவர் ஊகிக்க வேண்டியிருந்தது. பல பாடபேதங்களுக்கு அதுவே தாய். நல்ல பதிப்பாசிரியர் ஏட்டில் பிழையென்று தோன்றுவதையும் உள்ளபடி முதலில் படியெடுப்பார், தீர்ப்பு பிறகுதான். பதினாறடி எண்ணும் அந்த ஒழுக்கத்தையே கைக்கொள்கிறது. இருமாவைத் திருத்தி அழகாக்காமல், கணிப்பொறி எப்படிப் பிழைபட வைத்திருக்கிறதோ அப்படியே நம்மிடம் தருகிறது. அளவு உண்மையா என்று அது சொல்வதில்லை. படி உண்மை என்று மட்டும் சொல்கிறது. அந்த உறுதி கிடைத்த பிறகே மற்ற வாதங்களுக்கு இடம்.