மலையைக் கீழிருந்து படி

குமரி மாவட்டத்து மலைக்குள் ஆட்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி முதலில் கற்க வேண்டியது கல். யானையும் புலியும் அதற்குப் பிறகுதான். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்த பாட்டா அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு காணிப் பழங்குடிக் குடியிருப்பில் பிறந்து, வேட்டைத் தடுப்புக் காவலராக நெடுங்காலம் காட்டில் நடந்து ஓய்ந்தவர் அவர். புதிதாக வருகிற எவரும் ஆனைத்தடம் எங்கே என்றுதான் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "மக்கா, ஆன எங்கயும் போவாது. மொதல்ல நீ நிக்குத கல்லப் பாரு. கல்லு தெரிஞ்சா தண்ணி தெரியும். தண்ணி தெரிஞ்சா மரம் தெரியும். மரம் தெரிஞ்சவன்ட்ட மிருகம் ஒளியாது, கேட்டியா" என்றார். அந்த வரிசையில்தான் நான் கற்றேன். எழுதுவதும் அந்த வரிசையிலேயே.

நான் கற்ற இடம் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். 2008-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை தென்முனையை நோக்கி இறங்கி முடிகிற கடைசித் துண்டு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் நெய்யாறு சரணாலயமும் இதன் பக்கத்துக் காடுகள். குமரி மாவட்டத்து மலைகளையும் சேர்த்து 2001-இல் அமைந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று உலர்த்திய முட்காடு. கீரிப்பாறை, கோதையாறு பக்கம் போனால் வெயில் தரைக்கு இறங்காத மழைக்காடு. அதற்கும் மேலே முத்துக்குழிவயலில் புல்வெளியும் சோலையும். சில மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை வகைக் காட்டைப் பார்த்துவிடலாம் என்பதே இந்த மாவட்டத்தின் பெரும் பேறு.

கறுத்த பாறையைக் கண்டதும் பள்ளிப் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது எரிமலைக் கல்லா?" நல்ல கேள்வி. வழிகாட்டி அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எரிமலைக் குழம்பு தரைக்கு மேலே வந்து சீக்கிரம் ஆறிவிடுவதால் அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமாக இருக்கும். வாயு வெளியேறிய துளைகளும் பல இடங்களில் இருக்கும். மகாராஷ்டிரத்தில் தக்காணப் பீடபூமியின் பாறை அப்படிப்பட்டது, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடியது. இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை நம் நாட்டில் அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு ஒன்றுதான். நம் மலையின் பிறப்பு வேறு. இது பெரும்பாலும் சார்னோக்கைட்டும் அதன் உறவுக் கற்களும். சென்னைப் பரங்கிமலையிலும் இதே இனம்தான். தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய கல். அது நடந்தது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா எல்லாம் ஒன்றோடொன்று முட்டி ஒரே நிலமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. பிறகு சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்து விலகியபோது மேற்குக் கரையில் எரிமலை பொங்கியது. கர்நாடகத்தில் மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரி தீவுகளில் தூண் தூணாக நிற்கும் பாறைகள் அந்தக் காலத்தவை.

வயதுக் கணக்கை எனக்குச் சொன்னவர் நிலவியல் படித்த ஓர் ஆசிரியர். கல்லைப் பார்க்கும் முறையைச் சொன்னவர் பாட்டா. சாய்வெயில் படும் இடத்தில் குந்தி உட்கார வேண்டும். பாறைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். நனைந்ததும் அதுவரை வெறும் கறுப்பாக இருந்த கல்லில் எண்ணெய் மினுக்கம் தெரியும். நீலம் கலந்த சாம்பல் நிற மணிகள் தனித்தனியே எழும். சில பாறைகளில் மாதுளை முத்துப் போலக் கார்னெட் சிவந்து நிற்கும். சரணாலயத்துக்குள் ஒரு சில்லையும் உடைக்கக் கூடாது, பையில் போடக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் போதும், கல் தானே காட்டும். இதைச் செய்து காட்டிவிட்டு, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைப் பற்றிப் பேசுவேன். அந்த மணலில் கிடக்கும் கார்னெட், இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் உள்நாட்டுப் பாறைகள் கரைந்து, ஆறுகள் கொண்டுபோய்ச் சேர்த்து, அலை அலசிப் பிரித்தவை. கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்டதும் மறுபடி குனிந்து பார்க்கிறார்கள். தங்கள் காலடி மணலின் பிறந்த வீட்டை முதன்முறையாகப் பார்க்கிற ஆர்வம் அது.

கல்லுக்கு அடுத்தது தண்ணீர். இந்தக் கல்லின் உடம்புக்குள் தண்ணீர் புகாது. வெடிப்புகளிலும், கல் மட்கி மண்ணான மேல்தோலிலும்தான் தங்கும். அந்த மேல்தோல் மழையில் வழிந்துபோகாமல் பிடித்துவைத்திருப்பது மரங்களின் வேர். கோடையில் பாட்டா எனக்குக் கொடுத்த பயிற்சி, ஓடை வற்றிய இடத்தில் ஊற்றைத் தேடுவது. பாறையில் பாசியும் பன்னமும் கோடு பிடித்தாற்போல வளர்ந்திருந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது, உள்ளே ஈரம் இருக்கிறது. ஆற்று மணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் அந்த மண் இன்னும் காயவில்லை. இப்படிக் கண்டுபிடித்த கசிவு ஒவ்வொன்றையும் பாட்டா கீழ்நோக்கித் தொடரச் சொல்வார். கசிவு ஓடையாகும், ஓடை ஆறாகும். கோதையாறு பேச்சிப்பாறை அணைக்குப் போகிறது; பரளியாறு பெருஞ்சாணிக்குப் போகிறது. பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் அரசு 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்தது. 48 அடி, 77 அடி என்று அந்த இரண்டு அணைகளின் முழு நீர்மட்டம் நாஞ்சில் நாட்டு விவசாயி எவருக்கும் மனப்பாடம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களும் விளைவது அந்த அடிக்கணக்கை நம்பித்தான். அந்த அடிகளுக்கு மேலே, ஒரு பன்னம் காட்டிய வெடிப்பில் தொடங்குகிறது கணக்கு.

மூன்றாவது மரம். இதில் முதல் பாடமே பச்சை வேறு, காடு வேறு என்பது. நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு ஏறுகிறவர்கள் ரப்பர் தோட்டம் தொடங்கியதுமே காடு வந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். பாட்டா என்னை ரப்பருக்குள் நிறுத்தி, கண்ணை மூடிக் காதைத் திறக்கச் சொன்னார். பிறகு காட்டின் ஓரத்தில் அதையே செய்யச் சொன்னார். ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இனமாக நிற்கும் மரங்களுக்கு நடுவே கேட்ட குரல்கள் சொற்பம். காட்டின் ஓரத்தில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை, மலையணிலின் அதட்டல், எங்கோ மேலே இருவாச்சி சிறகடிக்கும் காற்றோசை என்று அடுக்கடுக்காக வந்தன. இப்போது என்னோடு வருகிறவர்களையும் அந்த இரண்டு இடங்களில் நிறுத்துகிறேன். விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மலையைப் புரட்டிப் போட்டது. பெருமரங்கள் சாய்ந்த இடங்களில் கூரை திறந்து வெயில் விழுந்தது. அங்கே வட்டக்கண்ணி போன்ற வேகமாக வளரும் மரங்கள் முதலில் எழுந்தன, உண்ணிச்செடியும் நுழைந்தது. பழைய தடங்கள் மூடின, புதியவை திறந்தன. மரத்தைப் படிப்பவனுக்கு ஒவ்வொரு திறப்பும் ஆண்டு எழுதிய கல்வெட்டு. இங்கே எப்போது வெயில் விழுந்தது, இப்போது எந்த மரம் எழுகிறது, நிழல் விரும்பும் கன்றுகள் அடியில் முளைத்துவிட்டனவா என்று பார்த்தால், காடு தன்னைத் தானே தைத்துக்கொள்கிற வேகம் தெரியும்.

கடைசியில்தான் விலங்கு. அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். செங்குத்துப் பாறையும் மேலே புல்லும் இருந்தால்தான் வரையாடு. சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் தப்பிக்க அதற்கு அந்தப் பாறைதான் அரண். மரக்கூரை இடைவெளியின்றி ஓடினால்தான் சோலைமந்தி. வெடிப்பலா போன்ற மரங்களின் பூவும் காயும் அதற்கு வேண்டும். ஈரமும் நிழலும் சிறுமூங்கிலும் சேர்ந்த ஓடைக்கரையில் யானை. இடம் தெரிந்த பிறகு தடம்.

தடம் பார்க்கக் காலை வெயிலே நல்லது. நிழல் விழுந்து பள்ளம் எடுப்பாகத் தெரியும். பூனை இனத்துத் தடத்தில் நகம் பதியாது, உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். நாய், செந்நாய்த் தடத்தில் நகம் பதியும். மிளாவின் குளம்பு நீண்டு கூரானது. காட்டெருமையினுடையது அகன்று உருண்டது. யானையின் முன்கால் தடம் வட்டம், பின்கால் தடம் நீள்வட்டம். முன்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். பாட்டா ஒரு கொடியால் சுற்றளவெடுத்து, அதை இரட்டித்துப் பிடித்துக் காட்டியபோது, வராத யானை என் முன்னால் நின்றது. கரையான் புற்று உடைந்து கிடந்தால் கரடி. ஆனைப் பிண்டம் ஈரமாக இருந்து வண்டுகள் இன்னும் வேலை தொடங்காமல் இருந்தால், ஆனை பக்கத்தில் இருக்கிறது. பேச்சை நிறுத்திப் பின்வாங்க வேண்டும். "பாத்தாச்சுன்னு சொல்லதுக்கு ஆனையப் பாக்கணும்னு இல்ல மக்கா. அது எங்க நிக்கும்னு தெரிஞ்சா அதுவும் பாத்த மாதிரிதான்" என்பார்.

காட்டக் கூடாதது என்ன என்பதும் இந்தத் தொழிலின் பாடம். மூலிகைகளின் இடத்தைப் பாட்டா யாருக்கும் காட்டுவதில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. 1987-இல் அகத்தியமலைக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் நடந்ததைக் கவனித்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானது. அதன் வருமானத்தில் காணிக்காரர்களுக்குப் பங்கு கொடுக்க 1997-இல் கேரளத்தில் ஓர் அறக்கட்டளை அமைந்தது. பழங்குடியின் அறிவுக்கு விலை உண்டு என்று உலகம் ஏற்ற ஆரம்பகால உதாரணங்களில் அது ஒன்று. அதே செடிக்குத் தேவை கூடியதும் காட்டிலிருந்து பிடுங்குவதும் கூடியது. ஆகவே நான் செடியின் கதையைச் சொல்வேன். செடி நிற்கும் இடத்தைச் சொல்ல மாட்டேன்.

இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து சோதனைக்கு வந்தது காளிகேசத்தில். அங்கே ஆறு கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஓடும். மேலே செங்குத்தான பாறைச் சரிவுகள். கல் குடிக்காத மழை முழுவதும் ஒரே மூச்சில் ஆற்றுக்கு இறங்கும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழையால் காட்டாற்று வெள்ளம் வரும். வந்ததும் தண்ணீர் விளிம்பில் அடையாளக் கல் ஒன்று வைத்துவிட வேண்டும் என்பது பாட்டாவின் விதி. அந்தக் கல் நனைந்தாலோ, தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஆற்றின் சத்தம் கனத்தாலோ அடுத்த நொடி கரையேற வேண்டும். "யோசிக்கதுக்கு நிக்காத. கேறிரு."

நான் முதன்முதலாகத் தனிப்பொறுப்பில் கூட்டிப் போன குடும்பத்தினர் ஆற்றில் கால் நனைத்து நின்றபோது மேல்மலை இருண்டது. சற்று நேரத்தில் சருகுகள் மிதந்து வந்தன; அடையாளக் கல்லின் அடி நனைந்தது. எல்லோரையும் கரையேற்றிப் பயணத்தையும் முடித்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்தும் இப்படியா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பின்னால் வந்துகொண்டிருந்த பாட்டா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று வெள்ளம் வரவில்லை. தண்ணீர் சற்றே ஏறி இறங்கிவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். "கொள்ளாம் மக்கா. வெள்ளம் வந்துச்சா இல்லையாங்கது கணக்கில்ல. நீ பாத்ததுக்கு ஏத்த மாதிரி செஞ்சியா, அதான் கணக்கு" என்றார். அன்று முதல் குழுக்களை என் பொறுப்பில் விடத் தொடங்கினார்.

இந்தக் கல்வி இப்போது மலையிலேயே பிறந்த சில முதியவர்களிடம்தான் முழுதாக இருக்கிறது. அவர்களிடம் இருக்கும்போதே அதைக் கற்க இளைஞர்கள் வர வேண்டும். அதிலும் காணிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் முதல் உரிமையும், வாழப் போதுமான ஊதியமும் வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பள்ளிகள் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு எங்கெங்கோ கூட்டிப் போகின்றன. உரிய அனுமதியோடு, நல்ல வழிகாட்டியோடு, ஒரு நாள் இந்த மலைக்கும் வாருங்கள். உங்கள் தட்டில் விழும் சோற்றின் தண்ணீர் எந்தக் கல்லில் தங்கி, எந்த வேரில் நின்று, எந்த ஓடையில் இறங்கி வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதை ஒரு முறை கண்ணால் கண்ட பிள்ளை, வளர்ந்த பிறகு இந்த மலையை வெட்டுவதற்குச் சம்மதிக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.