ஈற்றொலியும் இயந்திரச் செவியும்

இரைச்சல் என்று தனியே ஓர் ஒலி இல்லை. கேட்பவர் வேண்டாமென்று ஒதுக்குவதே இரைச்சல். தகரக் கூரையின்மேல் மழை கொட்டும்போது பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அது பகை. மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் அதுவே துணை. இவ்வேறுபாட்டை இயந்திரத்திற்கு எவ்வாறு உணர்த்துவது?

எங்கள் பள்ளியில் பழைய ஒலிநாடாக்கள் 40 உள்ளன. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய முதியோரின் பேச்சும் தாலாட்டும் ஒப்பாரியும் அவற்றில் பதிந்துள்ளன. பேசியோருள் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் வாழ்ந்த லயங்களும் இல்லை. நாடாவின் சீறலும் விசிறியின் முனகலும் மிகுந்த அப்பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தூய்மை செய்து மாணவர்க்குக் கேட்பிக்க விரும்பினோம்.

இதற்கு ஆடாசிட்டி என்னும் மென்பொருளைத் தெரிந்தெடுத்தோம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அது விலையின்றிக் கிடைப்பது. எவரும் பேசாத சில நொடிப் பகுதியைத் தேர்ந்து, 'இதுவே இரைச்சல்' என்று முதலில் அதற்குக் காட்டவேண்டும். அது அவ்வோசையைத் தாழ்ந்த அதிர்வு முதல் உயர்ந்த அதிர்வு வரை பல நுண்பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் வலிமையையும் குறித்துக்கொள்ளும். பின்னர் முழுப் பதிவையும் நொடியினும் மிகச் சிறிய துண்டுகளாக்கி ஆராயும். ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 46 மில்லிநொடி. எந்தப் பிரிவில் ஒலி முன்னைய குறிப்பைப் போதிய அளவு விஞ்சவில்லையோ, அந்தப் பிரிவைத் தணித்துவிடும்.

நாற்பது நாடாக்களுக்கும் இதைக் கையால் செய்வானேன் என்றார் எம் இளம் ஆசிரியர் ஒருவர். கட்டளைகளை வரிசைப்படுத்தி வைத்தால் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே செப்பனிடும் 'மேக்ரோ' என்னும் வசதி அம்மென்பொருளில் உண்டு. ஆயினும் மேக்ரோ இரண்டாம் படியை மட்டுமே செய்யும். இறுதியாக எடுத்த இரைச்சல் குறிப்பையே எல்லாக் கோப்புகளுக்கும் பயன்படுத்தும். ஒரு பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சீருடையை நாற்பது பிள்ளைகளுக்கும் அணிவித்ததுபோலாயிற்று. விசிறிக்காக எடுத்த குறிப்பு மழைக்குப் பொருந்தவில்லை.

நாடாவுக்கு நாடா தனிக் குறிப்பு எடுத்தபோதும் வேறொரு சிக்கல் எழுந்தது. இதைத் தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்கவேண்டும். நம் மொழியில் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வருவது. திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி அவ்வினையின் இறுதியில் நிற்பது. பேசுவோரின் மூச்சும் குரலும் தாழ்வதும் அவ்விடத்திலேதான். பொருள் செறிந்த இடமே ஒலி மெலிந்த இடம்! 'விளக்கு', 'காடு' முதலியவற்றின் ஈற்றுக் குற்றியலுகரத்திற்கு அரை மாத்திரையே அளவு எனப் படித்திருக்கிறோம். அம்மெல்லிய ஒலி இரைச்சலின் அளவுக்குள் அமிழ்ந்துவிடும்போது, இயந்திரம் அதையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. 'பசி' என்பதில் சகரம் எழுப்பும் சீறலுக்கும் நாடாவின் சீறலுக்கும் அதற்கு வேற்றுமை தெரிவதில்லை.

ஒரு மூதாட்டியின் பதிவு எங்களைத் திடுக்கிடச் செய்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தம் அண்ணனைப் பற்றி அவர் பேசுகிறார். மூல நாடாவில், விசிறியின் முனகலுக்கிடையே, "திரும்பி வந்தாரு" என்பது தெளிவு. தூய்மை செய்த படியில் 'ரு' இல்லை. "திரும்பி வந்தா" என்று நிற்கிறது. பேச்சுவழக்கில் அது 'திரும்பி வந்தால்' என்பதன்றோ! மீண்டு வந்த மனிதரை இன்னும் வராதவராக்கிவிட்டது அந்த ஈற்றொலியின் இழப்பு. தேய்வும் முறிவும் இல்லாத தூய ஒலியாதலால், மூலத்தை அறியாதவர் ஐயுறவும் மாட்டார்.

குறிப்புக் காட்டாமலே பேச்சைப் பிரித்தறியுமாறு பயிற்றப்பட்ட கருவிகளும் இப்போது உள்ளன. ழான்-மார்க் வாலின் உருவாக்கிய ஆர்.என்.நாய்ஸ் அத்தகையது. பேச்சல்லாதவற்றை அது இரைச்சலாகக் கொள்ளும். தாலாட்டுப் பதிவில் ஏணைக் கயிறு கிறீச்சிடும் ஓசையும் அதற்கு இரைச்சலே. எனக்கோ அப்பாட்டின் தாளமே அதுதான்.

இப்போது மேக்ரோவிடம் இரண்டு வேலைகளையே ஒப்படைத்திருக்கிறோம்: கணினியில் ஏற்றும்போது மின்கம்பி வழியே புகுந்த 50 ஹெர்ட்ஸ் முரலலை நீக்குதல், ஒலியளவைச் சமன்செய்தல். அம்முரலல் எல்லாப் பதிவுகளிலும் ஒன்றே என்பதால் அங்கே தீர்ப்புக்கு இடமில்லை. இரைச்சல் குறைப்பை 6 டெசிபலுக்குமேல் வைப்பதில்லை. ஒவ்வொரு தொடரின் ஈற்றையும் ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்கின்றனர். மூலக் கோப்புகளை எவரும் தொடுவதில்லை.

மூதாட்டியின் பதிவை மட்டும் விசிறியோடேயே கேட்பிக்கிறோம். மாணவர் முதன்முறை முகம் சுளிப்பர். சிறிது நேரம் அவர் பேச்சில் ஆழ்ந்துவிட்டால், விசிறி இருப்பதையே மறந்துவிடுகின்றனர்.