தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று

ஐப்பசியின் முதல் மழை கொட்டிய மறுநாள் விடிகாலையில், உடன்குடிப் பக்கம் தேரி ஓரத்துப் பள்ளங்களுக்குப் போய்விடுவேன். செம்மணல் தண்ணீரைக் குடித்துவிடும். களி கலந்த தாழ்வில்தான் நிற்கும். அங்கே புல்தாள்களைச் சுற்றிக் கருகமணிச் சரம்போல் கிடப்பது தேரை இட்ட முட்டை. வழவழப்பான கூழுக்குள் வரிசையாகக் கறுப்பு மணிகள். ஒரு சாணுக்கு எத்தனை என்று எண்ணி, சரத்தின் நீளத்தால் பெருக்கிக்கொள்வேன்.

தலைப்பிரட்டை அப்படி நின்று கொடுக்காது. அதற்கு அடியும் மூடியும் வெட்டிய எண்ணெய் டின். அலுங்காமல் சேற்றில் அழுத்தி, உள்ளே அகப்பட்டதை டீ வடிகட்டியால் அரித்து, வெள்ளைத் தட்டில் விட்டு எண்ணுவேன். நாலு தடவை வெறுமையாக வரும்வரை அரிக்க வேண்டும். வெயிலுக்குக் கரையோரம் மொய்க்கும். அங்கே மட்டும் அழுத்தினால் கணக்கு ஏமாற்றும்.

வாராவாரம் எண்ணிக்கை சரியும். தும்பியின் இளம்புழு தின்னும். மழையில் மஞ்சளாகும் பெருந்தவளையின் குஞ்சு, மற்றக் குஞ்சுகளையே தின்னும். மழை தவறினால் பள்ளமே வற்றும். ஆரம்பத்தில் மனசு கேட்காமல் வாளியில் அள்ளி அடுத்த குட்டையில் விட்டேன். அங்கே இருந்தவற்றோடு இரைக்கு மல்லுக்கட்டி எல்லாமே சூம்பிப்போயின.

பிறகுதான் கணக்குப் பிடிபட்டது. ஒரு தாய்த் தேரை வாழ்நாளில் 4000 முட்டை இடுகிறதென்று வைத்துக்கொள்வோம். ஊரில் தேரை குறையாமலிருக்க இரண்டே இரண்டு ஆளானால் போதும்: தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. நீருக்குள் பாதி செத்தால் மிச்சத்துக்கு இரை கூடும். கொழுத்துச் சீக்கிரம் கரையேறும். கரையில் அந்த ஈடு பெரும்பாலும் கிடையாது. வால் முழுதும் சுருங்காத, சுண்டுவிரல் நகம் அளவுக் குஞ்சை எறும்பும் மைனாவும் சுடுமணலும் கொண்டுபோகும். என் டின்னுக்கும் அது அகப்படாது. பனைமட்டையைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி ஆளான ஒரு தேரைக்குப் பின்னால் 2000 முட்டை இருக்கிறது. 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடைசெய்யும்வரை கப்பலேறிய தவளைகளும் அப்படித் தப்பி வளர்ந்தவைதான்.

வாளி இப்போது வேறு வேலை பார்க்கிறது. முதல் மழை இரவில் டார்ச்சோடு தார்ச்சாலைக்குப் போகிறேன். அடுத்த வண்டி வருமுன் தாய்த் தேரைகளை அள்ளி, முகம் பார்த்திருந்த பக்கமே விடுகிறேன். புரட்டிய மட்டையை இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறேன்.