வண்டூரில் ஓரிரவு

அந்தமான் செல்லும் அன்பர்கள் பெரும்பாலும் போர்ட் பிளேரில் தங்கி, விடியலில் வண்டூர் செல்வர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அந்நகரிலிருந்து வண்டூர்த் துறை 25 கிலோமீட்டருக்கும் மேல். நாங்களும் அவ்வாறே சென்று ஏமாந்தோம். அன்று திங்கட்கிழமை! 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவிற்கு அன்று விடுமுறை. இரயில்வே குமாஸ்தாவாயிருந்தும் நாள் பார்க்கத் தவறியது எங்கள் பிழையே.

பவளப்பாறை காண வேண்டுமென்றே, சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் தலைசுற்றலைப் பொறுத்து வந்திருந்தார் அன்னையார். புதனன்று திரும்பும் கப்பல். ஆகவே வண்டூரிலேயே சிறு விடுதியொன்றில் அறை எடுத்தோம். எங்களில் ஒருவர் மட்டும் பேருந்தில் நகருக்குத் திரும்பி, மறுநாளைக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிவந்தார். அங்கு விடுதிகள் சிலவே. இரவு உணவை முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம். மாலையில் கடற்கரையில் அமர்ந்தோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பலியான மரங்கள் மணலில் கிடந்தன. முதலை அச்சமுண்டு, குழந்தைகளைத் தண்ணீரில் விடற்க.

காலையில் பதற்றமின்றி நடந்தே துறையை அடைந்தோம். பிளாஸ்டிக் பைகளுக்கு அங்கே அனுமதியில்லை. மழைமாதங்களில் ரெட் ஸ்கின் தீவு. மற்றக் காலத்தில் ஜாலி பாய். நாங்கள் கண்டது ஜாலி பாய். கண்ணாடித் தளப் படகில் குனிந்த அன்னையார் நிமிரவேயில்லை. கரை சேர்ந்தபின் படகோட்டி இருமுறை அழைக்க வேண்டியதாயிற்று.