விலா மேல் வைத்த கை

சி.டி. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எப்போதும் கான்சோல் மேல்தான் கண். நான் அவர்களை முதலில் டேபிள் பக்கம் நிறுத்துவேன். பீடியை விட்டுப் பல வருஷம் ஆனவருக்கு நுரையீரலின் காற்றறைகள் சிதையும் எம்ஃபிசீமா கூடுகிறதா என்று பார்க்கும் ஸ்கேனில் பாதி வேலை அங்கேதான்.

தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. இது ஹவுன்ஸ்ஃபீல்ட் கணக்கு. மூச்சை நிறைய இழுத்துப் பிடித்த நுரையீரலில் மைனஸ் 950க்குக் கீழே போகும் இடத்தையெல்லாம் சாஃப்ட்வேர் எம்ஃபிசீமா என்று எண்ணும். அரை மூச்சில் நிறுத்தினால் அதே நுரையீரல் அடர்த்தியாகத் தெரியும், நோய் குறைந்துவிட்டதாக ரிப்போர்ட் சொல்லும். பிறகு போன வருஷப் படத்தோடு ஒப்பிட்டு என்ன பயன்?

எனக்குக் கற்றுத்தந்த சீனியர், மெஷினில் பதிந்த குரலை நம்பமாட்டார். கேன்ட்ரிக்குள் அனுப்புமுன் விலா மேல் கையை வைத்து, “ஐயா, இழுங்க… இன்னும் கொஞ்சம்… அப்படியே பிடிங்க” என்று பழக்குவார். விலா ஏறி நிற்கும் இடம் கைக்குத் தெரியும். மூச்சை விட்ட நிலையில் எடுக்கும் படத்துக்கு மூச்சை விட வைப்பது அதைவிடச் சிரமம். காற்று சிக்கிய மார்பு மெதுவாகத்தான் காலியாகும். விரட்டினால் பாதியிலேயே மறுபடி இழுத்துவிடுவார்கள். உதட்டைக் குவித்து ஊதச் சொல்லுங்கள். படம் வந்ததும் மூச்சுக்குழாயான ட்ராக்கியாவைப் பாருங்கள். மூச்சை விட்ட படத்தில் அதன் பின்சுவர் உள்ளே வளையாமல் உருண்டையாகவே இருந்தால், சந்தேகப்படுங்கள்.

ஒருமுறை பயிற்சிக்கு வந்த பையன் ஃபாலோ-அப் ஸ்கேனை, விளிம்புகளைக் கூர்மையாக்கிப் படம் தரும் ஷார்ப் கெர்னலில் போட்டு அனுப்பிவிட்டான். எம்ஃபிசீமா சதவீதம் எகிறியது. சீனியர் ஒன்றும் திட்டவில்லை. ரா டேட்டா அழியாமல் இருந்ததால், பழைய ஸ்கேனில் போட்ட அதே சாஃப்ட் கெர்னலில், அதே 1 மில்லிமீட்டர் ஸ்லைஸில் மறுபடி போட வைத்தார். ஏறிய எண் இறங்கிவிட்டது. ஷார்ப் கெர்னலில் கூடும் நாய்ஸைத்தான் சாஃப்ட்வேர் நோயாக எண்ணியிருந்தது.

இன்னொன்று, புகையை விட்டதும் வருவது. “விட்டப்புறமும் ஏறியிருக்கே தம்பி?” என்று முகம் வாடிக் கேட்பார்கள். புகையால் வந்த அழற்சி நுரையீரலைக் கொஞ்சம் அடர்த்தியாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். அது வடிந்ததும் அடர்த்தி குறையும், எண் ஏறும். அந்த ஏற்றத்தை மட்டும் வைத்து நோய் முற்றியது என்று சொல்லிவிட முடியாது. அதனால் எந்த மாதம் விட்டார் என்று கேட்டு ரெக்வெஸ்ட் ஃபார்மின் ஓரத்தில் எழுதிவிடுவேன். அதற்கென்று அந்த ஃபார்மில் கட்டம் எதுவும் கிடையாது.