எது போட்டாலும் எரியும்

வேலூர் வெயிலில் வெந்நீர் பாய்லர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழி விடியலில் ஆம்பூருக்கு வந்து பார்க்கட்டும். வயதானவர்களுக்கு முழங்கால் மடங்காது. அம்மாவுக்காகத்தான் பாய்லர் வாங்கப் போனேன். அதுவரை உண்மை. வாங்கியது என் பெருமைக்காக.

வேலூர் லாங் பஜாரில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று தகரம், பார்க்க எண்ணெய் டின் மாதிரி இருந்தது. ஆனால் நீளமான புகைக்குழாய் உண்டு, சுவரைத் துளைத்து வெளியே விடலாம். மற்றது செம்பு. நடுவில் நெருப்புக்குழல், சுற்றிலும் தண்ணீர், அடியில் சல்லடை, அதன் கீழே சாம்பல் தட்டு. பித்தளைக் குழாய் பளபளத்தது. புகை போக்கி மட்டும் ஒரு சாண். "விறகு, கரி, வறட்டி, தேங்காய் மட்டை, எது போட்டாலும் எரியும் சார்" என்றார் கடைக்காரர். மனைவி தகரத்தைத்தான் காட்டினாள். புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஓட்டை போட எனக்கு மனமில்லை. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று செம்பை எடுத்தேன்.

விறகு விலை கடித்தது. நான் ஒரு ஷூ கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டிங்கில் மிஞ்சும் தோல் துண்டுகள் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒரு மூட்டையைக் கேட்டு வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தேன். பிறகு அதுவே வழக்கமானது. முடி கருகும் நாற்றம் வரும். சுள்ளியோடு கலந்து போட்டால் அவ்வளவாகத் தெரியாது. கலந்து போடச் சொன்னதும் நான்தான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய காலம் போய், இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதப்படுத்திய தோல்தான் வெட்டுகிறோம். தோலில் இருப்பது மூன்றாம் நிலைக் குரோமியம். அதனால் பெரிய கெடுதல் இல்லை. அது ஆறாம் நிலைக்கு மாறினால் உடம்பில் பட்ட இடம் புண்ணாகும், மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். 2015 மே முதல் ஐரோப்பாவில், உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை அது எட்டக் கூடாது. அந்த எண்ணைக் காவல் காக்கத்தான் எனக்குச் சம்பளம். தோலை எரித்தால் மூன்று ஆறாக மாறும், விறகுச் சாம்பலின் காரம் சேர்ந்தால் இன்னும் சுலபமாக மாறும் என்பதும் எனக்குத் தெரியும். ராணிப்பேட்டை குரோமேட் ஆலையில் தாதுவைச் சோடா உப்போடு சுட்டதும் இதே வேதியியல்தான். ஆலை 1995-இல் மூடியது. மலையாய்க் குவிந்த அதன் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதையை டீக்கடையில் நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன்.

பாய்லரை மூட்டியது நானல்ல. வீட்டு வேலைக்கு வந்த அக்கா. விடிகாலையில் வந்து மூட்டுவார். தட்டில் விழுந்த சாம்பலை அள்ளிக் கரி பிடித்த பாத்திரங்களைத் தேய்ப்பார். ஒருநாள் சாம்பலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"இது பச்சையா இருக்கே, தம்பி?"

பார்த்தேன். குரோமியப் பச்சை. பார்த்தவுடன் தெரிந்தது.

"செம்புப் பாய்லர் இல்லையாக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. சட்டென்று வந்தது. உண்மையைச் சொன்னால் நாலு பேர் பாராட்டிய பாய்லரின் மானம் போகும், இலவச மூட்டை நிற்கும். அவ்வளவுதான் காரணம். அவர் என்னை நம்பித் திரும்பிப் போய்த் தேய்த்தார்.

முதலில் விரலிடுக்கில் வெடிப்பு. பிறகு வட்டமாய்க் குழிவிழுந்த புண்கள். வேலூருக்கு டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். "டேனரியில் வேலையா?" என்று அவர் கேட்டார். "இல்லீங்க, வீட்டு வேலைதான்" என்றார் அக்கா. சோப்புத்தூளை மாற்றச் சொன்னார் டாக்டர். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. வரும் வழியில் விலை கூடின சோப்புத்தூள் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார்.

புண்ணோடு பாத்திரம் தொட வேண்டாம் என்று மற்ற வீடுகளில் அவரை நிறுத்திவிட்டார்கள். மகளின் நர்சிங் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கினார்.

கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, தோல் ஆலைக் கழிவு பற்றிய பாலாற்று வழக்கைச் சொல்லிக்கொடுப்பவன் நான். தீங்கு முழுசாக நிரூபணமாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை விளக்குவேன். என் வீட்டில் மட்டும் நிரூபணத்துக்குக் காத்திருந்தேன். அதைத் தேடவும் பயந்தேன். கடைசியில் ஒரு ஸ்பூன் சாம்பலைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனேன். தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். வடிநீர் மஞ்சளாக இருந்தது. அமிலம் சேர்த்து, தோலைச் சோதிக்கும் அதே ரசாயனத்தைச் சொட்டுவிட்டேன். கருஊதா. எங்கள் தோல் மாதிரிகளில் அந்த அடர்த்தியை நான் பார்த்ததே இல்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "டாக்டர் கேட்டப்ப நீ பக்கத்துல தானே இருந்தே?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. டாக்டரிடம் நானும் போய் உண்மையைச் சொன்னேன். புண் ஆறிவருகிறது. கடனை நான் கட்டுகிறேன். அவர் வேறு வீட்டில் சமையலுக்குப் போகிறார், எங்கள் தெரு வழியாக வருவதில்லை.

பாய்லரை அணைத்துவிட்டோம். மிஞ்சிய சாம்பலை மூட்டையில் கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய சாம்பலெல்லாம் கொல்லைக் குழியில் மழையில் ஊறிக் கிடக்கிறது. குழிக்கும் பக்கத்து வீட்டு போர்வெல்லுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீர். இந்தப் பக்கத்தை எழுதும்வரை அவர்களுக்கு நான் சொல்லவில்லை. இப்போது எழுந்து போகிறேன்.